ஃபியூஸ் போகாத வீடு

விசிலக்காவின் வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறப்பதற்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் காலில் ரப்பர் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்து, ஆணியில் தொங்கும் மரக்கரண்டியை எடுத்து, அதன் காம்பைக் கைப்பிடிக்குள் நுழைத்து நெம்ப வேண்டும். ஈரக்கை கூடவே கூடாது. குளியலறைக் குழாய்க்கு வேறு சட்டம். ஹீட்டர் அணைந்திருக்கிறதா என்று உள்ளேயிருந்து உரக்கக் கேட்க வேண்டும். யாராவது "அணைச்சாச்சு" என்று குரல் கொடுத்த பிறகுதான் குழாயில் கை வைக்கலாம். துவைக்கிற மெஷினுக்கு முன்னால் ஒரு பலகை கிடந்தது. அதன்மேல் ஏறி நின்றுதான் துணி போட வேண்டும்.

ஷாக் என்ற சொல் அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லை. கடிக்கும் என்பார்கள். "இன்னைக்குக் குழாய் கடிக்குது, பாத்துக்கோ." "மழை பெஞ்சிருக்கு, ஃப்ரிட்ஜ் நல்லாவே கடிக்கும்." விருந்தாளி வந்தால் தண்ணீர் கொடுப்பதற்கு முன் செருப்பு கொடுப்பார்கள். "போட்டுக்கோங்க, இல்லேன்னா கடிச்சிடும்" என்றதும், வந்தவர்கள் நாய் இருக்கிறதாக்கும் என்று கட்டிலுக்கடியில் குனிந்து பார்ப்பார்கள். அதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். 

இந்த வீட்டுக்கு ஒயர் இழுத்தவர் விசிலக்காவின் கணவனுக்கு அண்ணன். தெருவில் அவருக்கு ஃபியூஸ் டாக்டர் என்று பெயர், சுருக்கமாக டாக்டர். அப்பா இறந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, சுவரைத் தானே கொத்தி, வீடு முழுக்கத் தானே ஒயர் இழுத்து, தம்பியை அந்த வெளிச்சத்தில் உட்கார்த்திப் படிக்க வைத்தவர். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. தெருவில் எந்த வீட்டில் ஃபியூஸ் போனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போய் இரண்டு நிமிடத்தில் சரி செய்து, கையைத் தட்டிக்கொண்டு, எப்போதும் சொல்கிற வசனத்தைச் சொல்லிவிட்டு வருவார்: "என் வீட்ல முப்பது வருஷமா ஒரு தடவகூட ஃபியூஸ் போனதில்ல." தபால்காரருக்கே அது மனப்பாடம்.

விசிலக்கா பஸ் கண்டக்டர். பன்னிரண்டு வருட சர்வீஸ். அவள் வண்டியில் படியில் தொங்கிக்கொண்டு யாரும் பயணம் செய்ய முடியாது. ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு கொடுத்தால் கிளம்ப வேண்டும். படியில் ஒரு கால் வெளியே தெரிந்தால்கூட இரண்டாவது விசில் அவள் வாயிலிருந்து வராது. டிரைவர் ஹாரனில் கை வைத்துக் கத்துவார், பின்னால் வருகிற வண்டிகள் கத்தும், உள்ளே ஆபீஸ் போகிறவர்கள் நேரமாச்சு என்று புலம்புவார்கள். எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். "உள்ள வாங்க. இல்ல இறங்குங்க. வண்டி நகராது." இதனால்தான் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது. கெட்ட எண்ணத்தோடு வைத்த பெயர்தான். அவள் அதை மார்பில் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டாள்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டு வாசலில் செருப்பை மாற்றிக்கொள்ளும்போது வாயையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவாள். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், விஷயம் தெரியாமல் வெறுங்காலோடு ஃப்ரிட்ஜைத் தொட்டு, தோள்வரை சுண்டி இழுத்து, வீறிட்டுக் கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் ஒரு ஜோடி புது ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்து, "இப்பதாம்மா நீ நம்ம வீட்டுப் பொண்ணு" என்றார். அன்போடுதான் சொன்னார். அவளும் சிரித்தாள். புது இடம், சிரிக்காமல் என்ன செய்வாள்?

ஆனால் அதைவிடப் பெரிய தப்பு ஒன்று அவள் கணக்கில் இருந்தது. மகளுக்கு ஐந்து வயதானபோது, ஒரு மத்தியானம், குழந்தை வெறுங்காலோடு ஓடிவந்து ஃப்ரிட்ஜைப் பிடித்துவிட்டது. கடித்தது. இரண்டடி தள்ளிப் போய் விழுந்து, மூச்சு வராமல் வாயைத் திறந்தபடி கிடந்தது. விசிலக்கா ஓடிவந்து தூக்கினாள். உயிர் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த அடுத்த நொடி, பயமெல்லாம் கோபமாக மாறி, குழந்தையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "செருப்பு போடாம ஏன்டி தொட்ட?"

குழந்தை அதன்பிறகு ஒரு நாளும் மறக்கவில்லை. வீட்டில் எல்லோரும் அதை மெச்சினார்கள்.

இரண்டு வருடம் போயிற்று. ஒரு நாள் காலையில் கூட்டமான நேரத்தில், மகளின் சிநேகிதியுடைய அம்மா பஸ்ஸில் ஏறினாள். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க பொண்ணு ரொம்ப வேடிக்கைங்க. நேத்து எங்க வீட்டுக்கு விளையாட வந்தா. தாகமா இருக்குன்னா. ஃப்ரிட்ஜ்ல ஜூஸ் இருக்கு, எடுத்துக்கோன்னேன். போகவே மாட்டேங்கறா. 'ஆன்ட்டி, உங்க வீட்டு மரக்கரண்டி எங்க'ன்னு கேக்கறா! எதுக்கும்மான்னா, 'உங்க ஃப்ரிட்ஜ் கடிக்காதா'ங்கறா. கடிக்காதுடா செல்லம்னு நானே தொட்டுக் காட்டினேன். அப்பவும் நம்பல. கடைசி வரைக்கும் தாகத்தோடயே இருந்துட்டுப் போனா, பாவம்."

விசிலக்காவும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறி, படியும் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டாவது விசிலைக் கொடுக்க மறந்து நின்றாள். டிரைவர் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, இன்னைக்கு யாருமே தொங்கலயே, இன்னும் எதுக்கு நிக்கறோம்?" என்று கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகத் தன்மேல் ஆத்திரம் வந்தது. முன்பின் தெரியாத அறுபது பேர் பத்திரமாகப் போக வேண்டும் என்று ஊரோடு சண்டை போடுகிறவள், பெற்ற பிள்ளை ஒரு வாய் தண்ணீருக்குப் பயந்து நிற்கிற மாதிரி வளர்த்திருக்கிறாள்.

அவள் வண்டியில் தினமும் பின்வாசலில் ஏறுகிற ஒருவர் இருந்தார். கையில் துணிப்பை, சட்டைப் பையில் டெஸ்டர், கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் அடையாள அட்டை. எலக்ட்ரீஷியன். யார் வேலைக்குக் கூப்பிட்டாலும் முதலில் உரிமத்தைக் காட்டிவிட்டுத்தான் திருப்புளியை எடுப்பார் என்பதால் அவரை லைசென்ஸ் என்றே கூப்பிடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு முறை அவர் படியில் நின்றார். விசிலக்கா வண்டியை நிறுத்திவிட்டாள். எல்லோரும் அவளைத் திட்டினார்கள். அவர் மட்டும் உள்ளே ஏறி வந்து, "நீங்க சொன்னதுதான் சரி, நான் நின்னது தப்பு" என்றார். பன்னிரண்டு வருட சர்வீஸில் அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

அன்று அவரிடம் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அவள் நகரவில்லை. "அண்ணே, எங்க வீட்டுக் கரண்டுப் பெட்டிய வந்து பாக்கணும்."

"என்ன கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்ல. முப்பது வருஷமா ஃபியூஸே போனதில்ல."

லைசென்ஸின் முகம் மாறியது. "நாளைக்கே வரேன்" என்றார்.

வந்தார். டாக்டர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், காவலுக்கு. லைசென்ஸ் முதலில் உரிமத்தைக் காட்டினார். டாக்டர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, குறை எதுவும் கிடைக்காததால் திருப்பிக் கொடுத்தார். கூடத்துச் சுவரில் கறுத்த மரப்பலகை, அதன்மேல் வரிசையாகப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். லைசென்ஸ் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"யார் இழுத்த ஒயருங்க இது?"

"நான்தான்."

"கோடு போட்ட மாதிரி இருக்கு. வளைவெல்லாம் எவ்வளவு அழகா மடக்கியிருக்கீங்க! இப்பல்லாம் யாருக்கு இவ்வளவு பொறுமை?"

டாக்டருக்கு முதுகு நிமிர்ந்தது. தம்பி பெண்டாட்டியைப் பார்த்து, கேட்டுக்கொண்டாயா என்பது போல் தலையை ஆட்டினார். லைசென்ஸ் ஒரு கட்டையை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். மயிரிழை மாதிரி மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில், துணி உலர்த்துகிற கொடிக்கம்பித் தடிமனில் செப்புக் கம்பி முறுக்கியிருந்தது.

"இது எப்பங்க போகும்?"

"போகவே போகாது!" என்றார் டாக்டர், பெருமையாக.

"போகாதுதான். இது போறதுக்கு முன்னாடி வீடு போயிடும்." சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியைக் கேட்டார். "எர்த் கம்பி எங்க?"

"அந்தத் தொல்லைய நான் அப்பவே வெட்டி விட்டுட்டேன். அது இருந்தப்பதான் வாரத்துக்கு ரெண்டு தடவ ஃபியூஸ் போச்சு. வெட்டினேன். கம்பியையும் கொஞ்சம் தடியா போட்டேன். நின்னுச்சு."

லைசென்ஸ் கட்டையைக் கீழே வைத்தார். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார். நிதானமாக, டாக்டரைப் பார்த்தே சொன்னார்: "பெரியவரே, கோவிச்சுக்காதீங்க. ஏதோ ஒரு மெஷின்ல கரண்ட் கசிஞ்சிருக்கு. எர்த் கம்பி அதைப் புடிச்சு மண்ணுக்குள்ள விட்டுச்சு, அதனால ஃபியூஸ் போச்சு. தப்பு இருக்குன்னு உங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நீங்க அதோட வாயை அடைச்சிட்டீங்க. இப்ப அந்தக் கசிவு மண்ணுக்குப் போக வழி இல்ல. யார் தொடறாங்களோ அவங்க வழியா போகுது."

 டாக்டர் எழுந்தார். "என் வீட்டுச் சுவர்ல வேற ஒருத்தன் கை வைக்கக் கூடாது. முப்பது வருஷத்துல யாராவது செத்தாங்களா இங்க?"

விசிலக்காவின் கணவன் அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்கிறவன். தாளை எந்தப் பக்கம் மடித்தாலும் மடங்குகிற மாதிரி அவனும் மடங்குவான். "அண்ணன் சொல்றதும்..." என்று ஆரம்பித்தான்.

"சாகறதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கோமா?" என்று விசிலக்கா கேட்டாள். அந்தக் கூடத்தில் அவள் குரல் அப்படி ஒலித்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கே திடுக்கென்றது. ஆனால் நிறுத்தவில்லை. "அத்தான், இந்த வீட்டை நீங்க கட்டிக் காப்பாத்தினீங்க, நான் இல்லேங்கல. ஆனா என் பொண்ணு அடுத்த வீட்ல போய் மரக்கரண்டி கேக்கறா. வீடு உங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. பிள்ளை என் பேர்ல இருக்கு. சனிக்கிழமை எனக்கு லீவு. அன்னைக்கு வேலை நடக்கும்."

சனிக்கிழமை நடந்தது. லைசென்ஸ் கரண்ட் ஆபீஸில் முறைப்படி எழுதிக் கொடுத்திருந்தார். ஆள் வந்து கம்பத்திலிருந்து இணைப்பை நிறுத்தினான். காலை முழுக்கக் கொல்லையில் எர்த் குழி தோண்டும் சத்தம், பிறகு கூடத்தில் டிரில் போடும் சத்தம். கறுத்த பலகை இறங்கியது. அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக, குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. அங்கே வெள்ளைப் பெட்டி ஏறியது. உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன ஸ்விட்ச்சுகள், அடுப்படிக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, அறைகளுக்கு ஒவ்வொன்று. ஓரத்தில் எல்லாவற்றுக்கும் மேலான மெயின். அதற்கடுத்து, எங்கே கரண்ட் கசிந்தாலும் தானாக விழுவதற்கென்று அகலமாக ஒன்று, அதன் மூக்கில் ஒரு சின்னப் பட்டன்.

டாக்டர் நாள் முழுக்கக் கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செய்தித்தாள் படிப்பதாகப் பாவனை. காலையிலிருந்து ஒரே பக்கம்.

சாயங்காலம் நான்கு மணிக்குக் கம்பத்து இணைப்பு திரும்ப வந்ததும் லைசென்ஸ் மெயினைப் போட்டார். விளக்குகள் எரிந்தன. ஃப்ரிட்ஜைச் சொருகியதும் பட்டென்று ஒரு சத்தம், எல்லாம் அணைந்துவிட்டது. அகலமான ஸ்விட்ச் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. திரும்பப் போட்டார். திரும்ப விழுந்தது.

டாக்டர் ஒரே துள்ளலில் எழுந்தார். "பாத்தீங்களா? போச்சா? என் பலகை இருந்த வரைக்கும் ஒரு நாளாவது போச்சா? ஒரே நாள்ல ரெண்டு தடவ போச்சு!"

"போச்சே..." என்றான் தம்பி.

"போகல" என்றார் லைசென்ஸ். "நிறுத்தியிருக்கு."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். விசிலக்காவுக்கு மட்டும் அது நேராக நெஞ்சுக்குள் இறங்கியது. ஒரு விசில். படியில் யாரோ தொங்குகிறார்கள், வண்டி நகராது என்கிறது இந்தப் பெட்டி. நம்ம ஆள் இது, என்று நினைத்துக்கொண்டாள்.

ஃப்ரிட்ஜைக் கழற்றியதும் ஸ்விட்ச் விழாமல் நின்றது. ஹீட்டரைப் போட்டதும் விழுந்தது, கழற்றியதும் நின்றது. "ரெண்டும் திருட்டுப் பசங்க. கரண்ட்டைக் கசிய விடறது இதுங்கதான்" என்றார் லைசென்ஸ். "இதையெல்லாம் சரி பண்ற மெக்கானிக் வேற. புதன்கிழமை அனுப்பறேன். அதுவரைக்கும் ரெண்டையும் சொருகக் கூடாது." பிறகு விசிலக்காவையும் மகளையும் பெட்டிக்கு முன்னால் கூப்பிட்டு, அகலமான ஸ்விட்ச்சின் பட்டனைக் காட்டினார். "மாசம் ஒரு தடவ இதை அமுக்கிப் பாருங்க. பட்டுனு விழுந்தா, நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். விழலேன்னா ஏதோ சரியில்ல. உடனே எனக்கு ஃபோன் போடுங்க."

"கண்டக்டர் மாதிரி" என்றது குழந்தை.

"எங்க பாஷையில கரண்ட் கடத்தற கம்பிக்குத்தாம்மா கண்டக்டர்னு பேரு. இது கரண்ட்டை நிறுத்தற கண்டக்டர், உங்க அம்மா மாதிரி" என்றார் லைசென்ஸ்.

அவர் போன பிறகு குழந்தை, ஃப்ரிட்ஜைக் கழற்றிப் போட்டிருந்தும், செருப்போடுதான் அதைத் தாண்டிப் போனது. ஒரே நாளில் போகிற பயமா அது?

திங்கட்கிழமை டியூட்டி முடிந்து விசிலக்கா வீட்டுக்கு வரும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. வாசலில் காலை வைத்ததுமே அந்தச் சத்தம் கேட்டது. அடுப்படியிலிருந்து, தொண்டையைக் கனைக்கிற மாதிரி, ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம். உள்ளே போனாள். மகள் காலில் ரப்பர் செருப்போடும் கையில் மரக்கரண்டியோடும் ஃப்ரிட்ஜின் முன்னால் நின்றிருந்தாள்.

"யார் சொருகினது?"

"பெரியப்பா. இப்ப விழாதாம்மா. பெரியப்பா சரி பண்ணிட்டாரு."

விசிலக்கா கூடத்துக்கு வந்தாள். வெள்ளைப் பெட்டியில் எல்லா ஸ்விட்ச்சும் நல்ல பிள்ளைகளாகத் தலைநிமிர்ந்து நின்றன. மூடியின் ஒரு திருகாணி மட்டும் முழுசாக இறங்காமல் இருந்தது. பட்டனை அமுக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முறை, நகம் வெளுக்கிற அளவுக்கு அமுக்கினாள். ஸ்விட்ச் அசையவில்லை. தளர்ந்த மூடியின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். உள்ளே இருந்த கம்பிகளை வெளியே உருவி, ஒன்றோடொன்று முறுக்கி, மேலே டேப் சுற்றி விட்டிருக்கிறார் டாக்டர். அந்த ஸ்விட்ச் வெறும் அலங்காரத்துக்கு நிற்கிறது. வாயை அடைத்துவிட்டார், மறுபடியும்.

அவள் மெயினைக் கீழே தள்ளினாள். ஃப்ரிட்ஜின் சத்தம் அடங்கியது. கழுத்தில் இன்னும் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வாயில் வைத்து, பலம்கொண்ட மட்டும், நீளமாக, ஒரே ஒரு விசில் கொடுத்தாள்.

நான்கு சுவருக்குள் அந்தச் சத்தம் காதைக் கிழித்தது. டாக்டர் அறையிலிருந்து ஓடிவந்தார். கணவன் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு தலையை நீட்டினான்.

"என்ன பண்ற? பைத்தியமா பிடிச்சிருக்கு? மெயினைப் போடு!" என்றார் டாக்டர்.

"போட மாட்டேன் அத்தான். வண்டி நகராது."

"பால் கெட்டுப் போகுதும்மா. ரெண்டு நாளா ஃப்ரிட்ஜ் இல்லாம... நான் என்ன தெரியாதவனா? அந்த ஆளுக்கு வேலை தெரியல, சும்மா சும்மா விழுது. நான் சரி பண்ணினேன். இவ்வளவு நாள் இதே ஃப்ரிட்ஜோடதானே இருந்தோம்? என்ன ஆயிடுச்சு? லேசா சுண்டும், அவ்வளவுதானே!"

விசிலக்கா மெயின் ஸ்விட்ச்சின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.   பத்து வருடமாகச் சிரித்துச் சிரித்து விழுங்கியதெல்லாம் இப்போது மேலே வந்துகொண்டிருந்தது. "சரி, போடறேன். அவ்வளவுதான்னு நீங்களே சொல்றீங்க. செருப்பைக் கழட்டுங்க. வெறுங்காலோட நின்னு ஃப்ரிட்ஜ் மேல கைய வைங்க. வச்சிட்டேன்னு சொல்லுங்க. அடுத்த நிமிஷம் போடறேன்."

கணவன் "ஏய்..." என்றான். 

டாக்டர் அவளை முறைத்தார். ரோஷக்காரர். விறுவிறுவென்று அடுப்படிக்குள் போனார். வலதுகால் செருப்பைக் கழற்றினார். இடதுகால் செருப்பைக் கழற்றினார். தரை சில்லென்று இருந்திருக்க வேண்டும், விரல்களை மடக்கிக்கொண்டார். கையை நீட்டினார். கை ஃப்ரிட்ஜுக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றுவிட்டது. மெயின் கீழே கிடக்கிறது, கம்பியில் சொட்டுக் கரண்ட் கிடையாது, அது அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கை போக மறுத்தது. முப்பது வருடமாக அந்த உடம்புக்கு உண்மை தெரியும், வாய்க்குத்தான் தெரியாது.

அப்போது குழந்தை ஓடிவந்தது. "வேணாம் பெரியப்பா! கடிக்கும்!" என்று கத்திக்கொண்டே கீழே உட்கார்ந்து, அவருடைய செருப்புகளை இரண்டு கையாலும் எடுத்து, அவர் காலுக்கடியில் திணிக்கப் பார்த்தது. "போட்டுக்கோங்க பெரியப்பா. போடாம தொட்டா, அப்புறம் அம்மா உங்களையும் அடிப்பாங்க."

 விசிலக்காவின் கை தானாக ஸ்விட்ச்சிலிருந்து இறங்கியது. டாக்டர் குனிந்து குழந்தையின் தலையைப் பார்த்தார். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் அந்தத் தலைமேல் வைத்தார். பிறகு வெறுங்காலோடு தன் அறைக்குப் போனார். செருப்புகள் அங்கேயே கிடந்தன. அன்று வீட்டில் மெழுகுவத்திதான். மெயினைப் போடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

விசிலக்கா இரவே ஃபோன் போட்டிருந்தாள், காலையில் லைசென்ஸ் வந்தார். வரும்போதே முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டுதான் வந்தார். பெட்டியைத் திறந்து, முறுக்கிய கம்பிகளைப் பார்த்து, பெருமூச்சு விட்டார். அவருக்குப் பின்னால் டார்ச் வெளிச்சம் விழுந்தது. டாக்டர்.

"அந்தத் திருகாணியை இன்னும் கால் சுத்து இறுக்கணும்" என்றார்.

"இறுக்கறேன்."

"அடுப்படிச் சுவருக்குள்ள பழைய எர்த் கம்பி ஒன்னு இருக்கு. சனிக்கிழமை நீங்க வெளிய இழுத்தது சுவரை அசிங்கம் பண்ணுது, எடுத்துடுங்க." டாக்டர் நடந்துபோய், வெறும் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், ஓர் இடத்தை விரலால் இரண்டு முறை தட்டினார். "இங்கதான் வெட்டினேன். வெட்டிட்டு மேல பூசிட்டேன்."

லைசென்ஸ் கொத்தினார். பூச்சு உதிர்ந்தது. முப்பது வருடத்துக்கு முன் மடக்கி வைத்த கம்பியின் முனை அங்கே இருந்தது, பச்சை பூத்து. சோதித்துப் பார்த்துவிட்டு, அந்தக் கம்பி இனி ஆகாது என்று அதே வழியில் புதுக் கம்பி இழுத்தார். கடைசி வரைக்கும் டாக்டர் டார்ச் பிடித்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசிலக்காவும் எதிர்பார்க்கவில்லை. டார்ச் அசையாமல் இருந்தது, அவளுக்கு அது போதும்.

புதன்கிழமை மெக்கானிக் வந்து ஃப்ரிட்ஜையும் ஹீட்டரையும் சரி செய்தான். வியாழக்கிழமை விசிலக்கா ஆணியிலிருந்து மரக்கரண்டியை எடுத்துக் குழம்பு கிளறப் போட்டாள். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள், காலி ஆணியைப் பார்த்துவிட்டு, அடுப்படி வாசலிலேயே நின்றாள்.

விசிலக்கா தன் செருப்பைக் கழற்றினாள். ஈரக்கையைத் துடைக்காமல், வெறுங்காலோடு போய், ஃப்ரிட்ஜின் மேல் உள்ளங்கையைப் பதித்து நின்றாள். "வா. தொடு. கடிக்காது."

குழந்தை ஒரு செருப்பைக் கழற்றியது. யோசித்தது. இன்னொன்றையும் கழற்றியது. ஒரு விரலால் தொட்டது. பிறகு முழுக் கையால். பிறகு கன்னத்தை வைத்துப் பார்த்தது.

"அப்ப அன்னைக்கு என்னை அடிச்சியே?" என்றது, கன்னத்தை எடுக்காமலே.

விசிலக்கா மகளின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.  "தப்பு பண்ணது ஃப்ரிட்ஜ். அதுக்கு உன்னை அடிச்சது அம்மா தப்பு. நீ ஒரு தப்பும் பண்ணல."

குழந்தை அதைச் சரிபார்ப்பது போல் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு, கதவைத் திறந்து, தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, கடகடவென்று குடித்தது. குடித்து முடித்து, பாட்டிலைக் கீழே வைத்து, வெறுங்காலோடு தடதடவென்று கூடத்துக்கு ஓடியது. ஸ்டூலை இழுக்கும் சத்தம். ஏறும் சத்தம். அடுத்து, பட்டென்று ஒரு சத்தம். வீடு முழுக்க விளக்கணைந்து, மின்விசிறி சுழன்று சுழன்று நின்றது.

அறைக்குள்ளிருந்து டாக்டரின் குரல் வந்தது, வழக்கமான பதற்றத்தோடு: "என்னாச்சு? போச்சா?"

"போகல பெரியப்பா!" என்று ஸ்டூலின் மேலிருந்து குழந்தை கத்தியது, தொண்டை கிழிய, அப்படியே அம்மாவின் குரலில். "நிறுத்தியிருக்கு!"